ஒரு மில்லிகிராம் ஜமிக்கியும் 52 டிகிரி சாய்வும்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அக்கா மகள் ஆரி எம்பிராய்டரி சாமான் தட்டைக் கவிழ்த்துவிட்டாள். இரண்டு வயதுக் குழந்தையை என்ன சொல்வது? தங்க நிறத்தில் தட்டையான ஜமிக்கி ஒரு டப்பா, சர்க்கரைப் பாசி மணி ஒரு டப்பா, இரண்டும் ஒன்றாகக் கலந்து தரையில் கிடந்தன. ஐந்து பிளவுஸ் வேலை பாக்கி. "கூட்டி அள்ளிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கறேன், விடுடா" என்றாள் அக்கா. நான் விடவில்லை. தொழிற்சாலை டூல் ரூமில் பதினான்கு வருடமாக, எந்திரத்தில் பொருளைப் பிடித்துவைக்கும் ஜிக், பிக்ஸ்சர் என்று வரைந்து தள்ளுகிறவன், பாசியையும் ஜமிக்கியையும் பிரிக்க ஒரு சாய்வுத் தட்டு செய்ய மாட்டேனா? ஞாயிற்றுக்கிழமைக்குள் தருகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன். எந்த ஞாயிறு என்று சொல்லாதது நல்லதாகப் போயிற்று.

யோசனை சுலபமானது. பாசி உருளும், ஜமிக்கி சறுக்கும். அக்ரிலிக் தட்டை லேசாகச் சாய்த்தால் பாசி முழுக்க ஓடிப்போய் ஒரு கிண்ணத்தில் விழும். பிறகு இன்னும் கொஞ்சம் சாய்த்தால் ஜமிக்கி அடுத்த கிண்ணத்துக்குப் போகும். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதற்கு ஒரு சோதனை செய்தேன். 50 மில்லிமீட்டர் சதுரம், 6 மில்லி தடிமன் கொண்ட ஒரு அக்ரிலிக் துண்டு. ஜமிக்கி பாலியெஸ்டர் தகடு என்பதால், துண்டின் அடியில் இரட்டைப் பக்க டேப் போட்டு ஓஹெச்பி ஷீட் (புரொஜெக்டரில் வைக்கும் ஒளிபுகும் தாள்) ஒட்டினேன். அதுவும் பாலியெஸ்டர்தான், அதே 0.1 மில்லி தடிமன்தான். போனில் கோணம் காட்டும் ஆப்பைத் திறந்து, போனைத் தட்டின் ஓரத்தில் கட்டி மெதுவாகத் தூக்கினேன். 17 டிகிரியில் துண்டு நழுவியது. பத்துத் தடவை செய்தும் 16-க்கும் 18-க்கும் நடுவேதான். கொஞ்சம் தாராளமாக 25 டிகிரி வைத்துச் சட்டம் அடித்தேன்.

கலவையைக் கொட்டியதும் பாசி அழகாக ஓடியது. 25 டிகிரிக்குத் தூக்கினேன். ஜமிக்கி ஒன்றுகூட அசையவில்லை. 40-க்குத் தூக்கியபோது நாலைந்து விழுந்தன. செங்குத்தாக நிறுத்தியபோதும் சில தட்டிலேயே மினுமினுத்துக்கொண்டிருந்தன. "நல்லா டிசைன் மாதிரி இருக்கு, அப்படியே மாட்டிடலாம்" என்றாள் அக்கா.

முதல் சந்தேகம் நிலைமின்சாரம். அதற்குக் காரணமும் இருந்தது. புது அக்ரிலிக்கின் மேலிருந்த பாதுகாப்புக் காகிதத்தை அப்போதுதான் சர்ரென்று உரித்திருந்தேன். அப்படி உரித்தால் தட்டில் மின்னூட்டம் ஏறும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் மயிர் எழுந்து நின்றது. சரி, இதுதான் என்று தட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்தேன். இன்னொரு தட்டில் அலுமினியத் தாள் ஒட்டி எர்த் கம்பியும் கொடுத்தேன். முன்னேற்றம் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். கழுவிய தட்டில் இருபது தடவை ஒரே ஒரு ஜமிக்கியை வைத்துப் பார்த்ததில் சராசரி 52 டிகிரி. குறைந்தது 38. மூன்று தடவை விழவே இல்லை, அவற்றைச் சராசரியில் சேர்க்கவில்லை. எர்த் கொடுத்த அலுமினியத்தில் 47. மின்னூட்டம் மட்டும் குற்றவாளி என்றால் இவ்வளவு பாக்கி இருக்கக் கூடாது. அப்புறம் தட்டின்மேல் வாயால் ஊதி ஆவி பிடிக்கவைத்தேன். ஜமிக்கி பிசின் போட்டதுபோல் நின்றது. ஈரக் காற்றில் நிலைமின்சாரம் குறையத்தான் வேண்டும், இங்கே பிடிப்பு கூடுகிறது. அப்படியானால் விஷயம் வேறு. அந்த ஞாயிறு அதோடு போயிற்று.

துப்பு கொடுத்தது அக்காதான். அடுப்படியில் நின்றுகொண்டே, "இதுல என்னடா அதிசயம்? ரவையை டப்பாவில இருந்து கொட்டினா ஒன்னு பாக்கி இல்லாம விழுது. மைதாவைக் கொட்டினா டப்பா முழுக்க அப்பிக்கிட்டு நிக்குது. ரெண்டும் கோதுமைதானே?" என்றாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஒரே பொருள், ஒரே டப்பா, மாறியது அளவு மட்டும். பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வு விதியில் அளவுக்கு இடமே இல்லை. உராய்வு அழுத்தும் எடைக்கு ஏற்ப இருக்கும், தொடும் பரப்பைப் பொறுத்தது அல்ல என்று பிரான்சில் அமோன்ட்டன் 1699-ல் சொன்ன விதி அது. அதற்கு இருநூறு வருடம் முன்பே லியோனார்டோ டாவின்சி தன் குறிப்பேடுகளில் அதையேதான் எழுதிவைத்திருந்தார். அந்த விதிப்படி பெரிய துண்டு 17 டிகிரியில் நழுவினால், அதே பொருளில் செய்த பொடித் துண்டும் 17 டிகிரியில்தான் நழுவ வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஓஹெச்பி ஷீட்டில் 3, 10, 30 மில்லி விட்டமுள்ள வட்டங்கள் வெட்டினேன். ஒன்று ஜமிக்கி அளவு, ஒன்று பட்டன் அளவு, ஒன்று பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. சின்னது ஒட்டும், பெரியது நழுவும் என்று எதிர்பார்த்தேன். இல்லை! மூன்றுமே 45-க்கும் 55-க்கும் இடையில்தான் நழுவின. அரை மணி நேரம் தலையைச் சொறிந்தபின்தான் உறைத்தது. வட்டத்தைப் பெரிதாக்கினால் ஒட்டும் பரப்பும் கூடுகிறது, எடையும் அதே விகிதத்தில் கூடுகிறது. தகட்டின் தடிமன் மாறவில்லையே. இங்கே ஆட்டத்தைத் தீர்மானிக்கும் அளவு விட்டம் அல்ல, தடிமன். ஒவ்வொரு சதுர மில்லியின் மேலும் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. என் 6 மில்லி துண்டு ஜமிக்கியைவிட அறுபது மடங்கு தடிமன். அதை வைத்து ஜமிக்கிக்குக் கோணம் கண்டுபிடித்தது என் தப்பு.

இதை உறுதிசெய்ய ஜமிக்கிகளைப் பெவிக்விக் தொட்டு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். ஊசி முனையில் தொட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வழிந்து அடியில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஏழு அடுக்கு வீணாயிற்று, ஒரு விரலும் ஒட்டிக்கொண்டது. கிடைத்த கோணங்கள் இவை. ஒற்றை ஜமிக்கி 52. இரண்டு அடுக்கு 34. ஐந்து 24. பத்து 20. இருபது அடுக்கு 18. கடைசியில் வந்து நிற்பது எங்கே? பெரிய துண்டின் 17-க்குப் பக்கத்தில். அடியில் தட்டைத் தொடுவது எப்போதும் அந்த ஒரே ஜமிக்கிதான். மேலே ஏறுவது எடை மட்டும்.

இந்த எண்களுக்குக் கணக்குப் போட்டேன். நழுவும் நேரத்தில், சாய்வின் வழியே இழுக்கும் எடையின் பங்கும் உராய்வும் சமம். உராய்வு என்பது உராய்வெண்ணை அழுத்தும் எடையால் பெருக்கியது என்று மட்டும் வைத்தால் 52 வராது. அழுத்தும் எடையோடு, தட்டும் ஜமிக்கியும் ஒன்றையொன்று இழுக்கும் ஒரு விசையையும் கூட்டி, அதன்பின் உராய்வெண்ணால் பெருக்கினால் வருகிறது. உராய்வெண் 17 டிகிரியிலிருந்து கிடைக்கிறது, ஏறக்குறைய 0.3. அப்படிப் பார்த்தால் ஒட்டும் விசை ஒரு ஜமிக்கியின் எடையைப்போல் சுமார் இரண்டு மடங்கு. அந்த ஒரே எண்ணை வைத்து இரண்டு, ஐந்து, பத்து, இருபது அடுக்குகளுக்கும் போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரு டிகிரிக்குள் பொருந்துகின்றன. வேலையில் இவ்வளவு நன்றாக எனக்கு எதுவும் பொருந்தியதில்லை.

ஒட்டும் விசை என்றால் எவ்வளவு? நகைக்கடைத் தராசு மாதிரி வரும் சின்ன டிஜிட்டல் தராசில் 200 ஜமிக்கி போட்டால் 0.19 கிராம் காட்டியது. ஒன்று சுமாராக ஒரு மில்லிகிராம், அதாவது பத்து மைக்ரோநியூட்டன் எடை. இப்போது தண்ணீரைப் பாருங்கள். காற்றின் ஈரம் எந்தப் பரப்பின்மேலும் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். இரண்டு பரப்புகள் தொடும் நுனியைச் சுற்றி அது வளையம்போல் கூடி இரண்டையும் இழுத்துப் பிடிக்கும். நுனி ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) ஆரமுள்ள மேடு என்று வைத்தால், நீரின் பரப்பு இழுவிசையை வைத்துப் போடும் கணக்கில் அந்த ஒரு மேட்டுக்கே 0.9 மைக்ரோநியூட்டன் இழுப்பு வருகிறது. அப்படி இருபது மேடுகள் தொட்டால் ஜமிக்கியின் எடையைப்போல் இரண்டு மடங்கு ஆகிவிடும். வாயால் ஊதியதும் ஏன் இறுகியது என்பதற்கும் இதுவே விடை. ஆறு மில்லி துண்டுக்கும் இந்த இழுப்பு உண்டு. ஆனால் 18 கிராம் எடைக்கு முன்னால் அது யானைமேல் கொசு.

ரவைக்கும் மைதாவுக்கும் அதே கதை. உருண்டையான ஒரு பொடியைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிறிதாக்கினால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிறது. ஒட்டும் விசை பத்தில் ஒன்றாகத்தான் குறைகிறது. எடையோடு ஒப்பிட்டால் ஒட்டல் நூறு மடங்கு வலுக்கிறது.

சரி, அப்படியானால் அமோன்ட்டன் தப்பா? இல்லை, அவருடைய விதி ஏன் பெரிய பொருள்களுக்குச் சரியாக வருகிறது என்பதே தனி அழகு. அக்ரிலிக் துண்டு தட்டின்மேல் 2500 சதுர மில்லியில் உட்கார்ந்திருப்பதாகத் தெரிகிறது. உண்மையில் மேடும் மேடும் தொடும் சில புள்ளிகளில்தான் நிற்கிறது. கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் 1939-லிருந்து இதைத்தான் அளந்து காட்டினார்கள். எடை ஏற ஏற மேடுகள் நசுங்கித் தொடும் பரப்பு கூடும். அக்ரிலிக்கின் கடினத்தன்மையைச் சதுர மில்லிக்கு 200 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், என் 18 கிராம் துண்டு நிஜமாகத் தொடும் பரப்பு எல்லாம் சேர்த்து ஒரு சதுர மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எடை இரட்டித்தால் இதுவும் இரட்டிக்கும். அதனால்தான் பார்வைக்குத் தெரியும் பரப்பு கணக்கில் வருவதில்லை. ஜமிக்கி மாதிரி எடையில்லாத ஒன்றில், இழுத்துப் பிடிக்கும் விசையே பெரும்பங்கு அழுத்தத்தைக் கொடுத்துவிடுகிறது.

நான் கண்டுபிடித்துவிட்டதாக மிதப்பில் இருந்தது மூன்று நாள். அப்புறம் படித்தால், கூலம் 1785-ல் வெளியிட்ட கட்டுரையிலேயே உராய்வுக்கு இரண்டு உறுப்புகள் எழுதியிருக்கிறார். ஒன்று எடையோடு கூடுவது, இன்னொன்று எடையே இல்லாவிட்டாலும் இருக்கும் ஒட்டல். இரண்டாவது மிகச் சிறியது என்பதால் பாடப்புத்தகங்களில் அது உதிர்ந்துபோயிற்று. பெரிய மரக்கட்டையை இழுக்கிறவருக்கு அது தேவையில்லை. ஜமிக்கிக்கு அதுதான் எல்லாம்.

காரணம் தெரிந்தது, தட்டு இன்னும் வேலை செய்யவில்லை. அக்கா புது டப்பா வாங்கி நாலு பிளவுஸை முடித்தும்விட்டாள். பிடிவாதத்தில் தொடர்ந்தேன். எடையைக் கூட்ட முடியாது, ஒட்டலைத்தான் குறைக்க வேண்டும். எப்படி என்று டூல் ரூமில் ஓய்வுபெற்ற போர்மேன் அண்ணனிடம் போனில் கேட்டேன். ஜமிக்கி என்றதும் சிரித்தார். அப்புறம், "ஏந்தம்பி, ஸ்லிப் கேஜ் ரெண்டைத் துடைச்சு ஒன்னுமேல ஒன்னு திருகினா கம்முனு புடிச்சுக்குதுல்ல? தலைகீழாப் புடிச்சாலும் உழுகாது. அது எடையிலயா நிக்குது? வழவழப்புலங்க தம்பி. ஒரு கீறல் உழுந்த கேஜு ஒட்டுதா சொல்லுங்க" என்றார்.

ஸ்லிப் கேஜ் என்றால் அளவு சரிபார்க்கும் வழவழப்பான எஃகுக் கட்டை. பதினான்கு வருடம் கையில் பிடித்த சாமான்! சுவீடன்காரர் யோஹான்சன் 1896-ல் யோசித்த அந்தக் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதால்தான் பத்து அளவுகளைச் சேர்த்துப் பதினோராவதை உருவாக்க முடிகிறது. நேராக இழுத்துப் பிரிக்க வராது, சறுக்கித்தான் எடுக்க வேண்டும். காற்றழுத்தம் என்று சிலர் சொல்வார்கள், வெற்றிடத்திலும் அவை ஒட்டுகின்றன. மெல்லிய எண்ணெய் அல்லது ஈரப் படலமும், பரப்புகள் அவ்வளவு நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையே வரும் இழுப்பும்தான் காரணம். கீறல் விழுந்தால் நெருக்கம் போகும், பிடிப்பும் போகும். என் தட்டோ கண்ணாடி மாதிரி பளபளப்பு. ஜமிக்கியும் அப்படியே. ஒட்டுவதற்கு இதைவிட வாய்ப்பான ஜோடி கிடைக்காது.

400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தட்டு முழுவதையும் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். பால் ஊற்றிய மாதிரி மங்கியது. கழுவிக் காயவைத்து முதலில் பெரிய துண்டை வைத்தேன். 17-ஆக இருந்தது 20 ஆயிற்று. நாம் எல்லோரும் எதிர்பார்ப்பதுதான், சொரசொரப்பானால் உராய்வு கூடும். அடுத்து ஒற்றை ஜமிக்கி. 52-ஆக இருந்தது 31! அதே தட்டு, அதே தேய்ப்பு. பெரியதற்கு உராய்வு ஏறியிருக்கிறது, சின்னதற்கு இறங்கியிருக்கிறது. கணக்குப் போட்டால் ஒட்டும் விசை இரண்டு மடங்கு எடையிலிருந்து ஏறக்குறைய அரை மடங்குக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இப்ப நல்லா விழுதே" என்று சொல்லிவிட்டு ஊசி கோர்க்கப் போய்விட்டாள்.

பேராசையில் 80 நம்பர் தாளையும் போட்டுப் பார்த்தேன். மறுபடி 46. அந்தத் தாளின் மணல் ஏறக்குறைய 0.2 மில்லி. அது கிழிக்கும் பள்ளங்களில் 0.1 மில்லி தகட்டின் விளிம்பு போய்ச் செருகிக்கொள்கிறது. 400 நம்பரின் மணல் 0.035 மில்லிதான், அதன் கீறல்கள் விளிம்பைப் பிடிக்கும் அளவுக்கு ஆழமில்லை. சொரசொரப்பு எவ்வளவு என்று தனியாகக் கேட்பதில் அர்த்தமில்லை. மேலே நிற்கிறவனின் அளவோடு ஒப்பிட்டுத்தான் அதைச் சொல்ல முடியும். அந்த 80 நம்பர் தட்டை அக்கா இப்போது பூண்டு உரிக்க வைத்திருக்கிறாள், அது வேறு கதை.

இதே வைத்தியம் கம்ப்யூட்டருக்குள்ளும் நடந்திருக்கிறது. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் காலையில் கிளம்பாது. சிஸ்டம் பார்க்கிற பையன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, கையில் வைத்து மணிக்கட்டைச் சட்டென்று ஒரு திருகு திருகுவான். உடனே சுற்ற ஆரம்பிக்கும். ஏதோ மந்திரம் என்று நினைத்திருந்தேன். அந்தக் காலத்து டிஸ்க்குகளில் மின்சாரம் நின்றதும், தகவலை எழுதிப் படிக்கும் தலை சுற்றும் தகட்டின்மேல் இறங்கி உட்காரும். தகடு எவ்வளவுக்கு வழவழப்போ அவ்வளவுக்கு ஒட்டும், மோட்டாரால் பிய்த்து எடுக்க முடியாது. 1990-களில் இதற்குச் செய்த தீர்வு, தலை இறங்கும் உள்வட்டத்தில் மட்டும் லேசரால் நானோமீட்டர் உயரத்தில் சின்னச் சின்ன மேடுகளைப் போட்டுவைப்பது. என் உப்புத்தாளுக்குப் பெரியப்பா முறை.

இன்னும் கீழே போனால் நிலைமை மேலும் விசித்திரம். 1987-ல் கலிபோர்னியாவில் ஐபிஎம்மின் ஆல்மடன் ஆய்வகத்தில், கூரிய டங்ஸ்டன் கம்பி நுனியைக் கிராபைட்டின்மேல் இழுத்து உராய்வை அளந்தார்கள். அழுத்திய விசை நூறு மைக்ரோநியூட்டனுக்கும் குறைவு. பத்து ஜமிக்கியின் எடைதான் அது. உராய்வு ஒரே சீராக இல்லை, கிராபைட்டில் அணுக்கள் அடுக்கியிருக்கும் இடைவெளிக்கு ஏற்ப ஏறி இறங்கியது. நுனி ஒரு பள்ளத்தில் தங்கி, கம்பி வளைந்து, சட்டென்று அடுத்த பள்ளத்துக்குத் தாவுகிறது. கதவுக் கீல் கிறீச்சிடுவதும் இப்படித் தங்கித் தாவுவதால்தான். 2004-ல் நெதர்லாந்தின் லெய்டனில், கிராபைட் செதில் ஒன்றைக் கிராபைட்டின்மேல் திருப்பித் திருப்பி இழுத்தபோது, இரண்டின் அடுக்குகளும் பொருந்தாத கோணங்களில் உராய்வு ஏறக்குறைய காணாமலே போயிற்று. முட்டை அட்டை இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். நேராக வைத்தால் சிக்கும், கொஞ்சம் திருப்பினால் வழுக்கும்.

போர்மேன் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னபோது, "சின்னதுக்குச் சரி, பெருசா போனா என்னாகும் தம்பி?" என்று கேட்டார். நான் அதை யோசித்திருக்கவில்லை. பெரியது எப்போதும் அமோன்ட்டன் பக்கம்தான் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. ஜப்பானின் சுகுபாவில் மீட்டர் கணக்கில் நீளமுள்ள பாறைகளை ஒன்றின்மேல் ஒன்று தேய்த்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேகமாகத் தேயும்போது பாறையின் உராய்வு சரியத் தொடங்கும். சென்டிமீட்டர் அளவு மாதிரித் துண்டுகளில் எங்கே சரியத் தொடங்கியதோ, அதில் பத்தில் ஒரு பங்கு வேலை வீதத்திலேயே (ஒரு நொடியில் ஒரு சதுர அளவுப் பரப்பைத் தேய்க்கச் செலவாகும் ஆற்றல்) பெரிய பாறையில் சரிவு வந்துவிட்டது. பெரிய பரப்பில் அழுத்தம் சமமாக இருப்பதில்லை. சில இடங்களில் குவிந்து, அங்கே தூள் உண்டாகி, அங்கிருந்து பிடிப்பு விட்டுப்போகிறது. நிலநடுக்கக் கணக்குகளுக்கு இது முக்கியம். ஆய்வகத்துச் சின்னக் கல்லை வைத்து மலையளவு பிளவைப் பற்றிச் சொல்வது, 6 மில்லி துண்டை வைத்து ஜமிக்கிக்குக் கோணம் பார்த்த என் வேலையின் மறுபக்கம்.

இனி தட்டுக்கு வருகிறேன். 31 டிகிரி என்பது சராசரி, எல்லாம் விழ 40 வேண்டியிருந்தது. செத்த போனிலிருந்து அதிர்வு மோட்டாரை எடுத்து, தட்டின் அடியில் ஒட்டி, இரண்டு பென்சில் செல் கொடுத்தேன். அதிர்வில் ஜமிக்கி ஒவ்வொரு துள்ளலிலும் தட்டைவிட்டு விடுபடுகிறது, ஒட்டல் பிடிக்க நேரம் கிடைப்பதில்லை. முதல் தடவை மோட்டாரை எந்தப் பக்கம் வைத்தேனோ, 15 டிகிரி சாய்வில் ஜமிக்கிகள் வரிசையாக மேல்நோக்கி ஏறத் தொடங்கின. பாப்பா கைதட்டிச் சிரித்தாள். போல்ட் வரிசைப்படுத்தும் அதிர்வுக் கிண்ணங்கள் இதே உபாயத்தில்தான் ஓடுகின்றன, தினமும் பார்க்கிறவனுக்கே தோன்றவில்லை. மோட்டாரைத் திருப்பி ஒட்டியதும் கீழே வந்தன. இறுதி அமைப்பு: 400 நம்பர் தேய்த்த அக்ரிலிக், பாசிக்கு 8 டிகிரி, ஜமிக்கிக்கு மோட்டாரோடு 22. பிரித்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. அதற்கு முன் ஐந்து ஞாயிறு.

தட்டு இப்போது அக்காவின் ஆரி ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் பார்த்தேன், மோட்டாரைக் கழற்றி வைத்திருக்கிறாள். கேட்டால், "கொய்ங்னு சத்தம், டிவி கேக்கல" என்கிறாள். தட்டைக் கையாலேயே சாய்த்து, ஓரத்தில் மோதிரத்தால் டக் டக்கென்று இரண்டு தட்டு தட்டுகிறாள். எல்லாம் விழுந்துவிடுகின்றன.